எடை இல்லாத இடத்தில் உயிரணு படும் பாடு!

ஆனி பிறந்து, சாரல் தூறத் தொடங்கினால் போதும். குற்றாலத்துக்கு மக்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். தென்காசி ரயில் நிலையத்தில் குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். பேரருவியில், ஐந்தருவியில், பழைய குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நிற்பார்கள்.

தலையில் விழும் தண்ணீர் என்ன அடி அடிக்கிறது! பத்துப் பேர் சேர்ந்து முதுகில் குத்துவது போல இருக்கிறது.

அவ்வளவு கனமான தண்ணீருக்கு, அது விழுந்து கொண்டிருக்கும்போது எடையே இல்லை என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். பேரருவித் தண்ணீர் மலை உச்சியை விட்டதும் எடையை இழக்கிறது. நடுவே பொங்குமாகடலில் மோதும்போது எடையைத் திரும்பப் பெறுகிறது. பொங்கி வழிந்து மறுபடி விழும்போது மீண்டும் இழக்கிறது. கடைசியில் நம் தலையில் மோதும்போதுதான் "நான் கனமானவன்" என்று காட்டிக் கொள்கிறது. காற்று கொஞ்சம் தடுக்கும். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், விழுகிற எந்தப் பொருளுக்கும் எடை தெரியாது.

இந்தச் சிறு உண்மையை வைத்துக் கொண்டு, விஞ்ஞானிகள் இன்று புற்று நோயோடு போராடுகிறார்கள். அது எப்படி என்பதை நம் வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும். ஏன் என்றால், இதில் நம்பிக்கையும் இருக்கிறது. ஏமாந்து போகும் ஆபத்தும் இருக்கிறது.

ஓட்டை வாளி

ஒரு வாளியின் அடியில் ஓட்டை போடுங்கள். அதில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தால், ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகும். இப்போது வாளியை உயரத்திலிருந்து கீழே விடுங்கள். விழுந்து கொண்டிருக்கும்போது ஒரு சொட்டுக் கூட ஒழுகாது!

காரணம் என்ன? வாளியும் விழுகிறது. தண்ணீரும் அதே வேகத்தில் விழுகிறது. தண்ணீர் வாளியை அழுத்தவில்லை. அழுத்தம் இல்லை என்றால் எடை தெரியாது. இதுதான் எடையற்ற நிலை.

வாளி ஒரு நொடியில் தரைக்கு வந்து விடும். தரைக்கு வராமலே விழுந்து கொண்டே இருந்தால்?

அப்படி ஒரு வீடு ஆகாயத்தில் இருக்கிறது. அதன் பெயர் சர்வதேச விண்வெளி நிலையம். பூமிக்கு மேலே சுமார் 400 கிலோ மீட்டர் உயரத்தில், மணிக்கு சுமார் 28 ஆயிரம் கிலோ மீட்டர் வேகத்தில் அது பறக்கிறது. 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி வருகிறது.

அந்த உயரத்தில் பூமியின் இழுப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இழுப்பு அங்கேயும் இருக்கிறது. அந்த வீடு எப்போதும் பூமியை நோக்கி விழுந்து கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அதன் வேகம் அதிகம். அது விழ விழ, உருண்டையான பூமியும் வளைந்து விலகிக் கொடுக்கிறது. ஆகவே தரையில் மோதுவதே இல்லை. உள்ளே இருப்பவர்கள் பஞ்சு போல மிதக்கிறார்கள்.

குருத்து அணு

நம் உடம்பு செங்கல்லால் கட்டிய வீடு போன்றது. அந்தச் செங்கல்லின் பெயர் உயிரணு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. லட்சக்கணக்கான கோடி உயிரணுக்கள் சேர்ந்ததே மனித உடல்.

வீட்டுச் செங்கல் அப்படியே கிடக்கும். உயிரணு அப்படி இல்லை. தேய்கிறது, சாகிறது. அதன் இடத்துக்குப் புதியது வருகிறது.

புதியது எங்கிருந்து வருகிறது? வாழை மரத்தைப் பாருங்கள். பழைய இலை காய்ந்து விழ விழ, நடுவிலிருந்து குருத்து வந்து கொண்டே இருக்கும். குருத்து கருகினால் வாழை போயிற்று. நம் உடம்பிலும் அப்படிக் குருத்துகள் உண்டு. அவற்றைத்தான் டாக்டர்கள் "ஸ்டெம் செல்" என்கிறார்கள். தமிழில் குருத்தணு என்று சொல்லலாம்.

எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது. அதில் உள்ள குருத்தணுக்கள்தான் ரத்தத்தை உண்டாக்குகின்றன. பூமியில் நம் உடம்பில் ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் சிவப்பு அணுக்கள் அழிகின்றன. அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடிக்கு மேல் அழிந்து, ஒரு கோடிக்கு மேல் பிறந்திருக்கும்!

புற்று நோய் என்பது என்ன? அதுவும் உயிரணுதான். ஆனால் கட்டுப்பாட்டை மீறியது. "போதும், நில்" என்று உடம்பு சொன்னால் கேட்காது. பெருகிக் கொண்டே போகும். குருத்தணு குடும்பத்தைக் காக்கும் பிள்ளை என்றால், புற்று அணு குடும்பச் சொத்தைத் தின்று தீர்க்கும் பிள்ளை.

இந்த இரண்டு பிள்ளைகளையும் எடை இல்லாத இடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

நல்ல பிள்ளை களைத்தது

கனடா நாட்டின் ஒட்டாவா நகர விஞ்ஞானிகள், ஆறு மாதம் விண்வெளியில் இருந்த 14 வீரர்களைச் சோதித்தார்கள். முடிவை 2022-ல் வெளியிட்டார்கள். பூமியில் நொடிக்கு 20 லட்சம் சிவப்பு அணுக்கள் அழியும் அல்லவா? விண்வெளியில் நொடிக்கு 30 லட்சம் அழிந்தன! குருத்தணுக்கள் அதை ஈடு கட்டப் பாடுபட வேண்டி வந்தது.

அமெரிக்காவில், சான் டியாகோ நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் கேட்ரியோனா ஜேமிசன் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மனித ரத்தக் குருத்தணுக்களைச் சிறு பெட்டிகளில் வைத்து, நான்கு தடவை விண்வெளிக்கு அனுப்பினார்கள். 32 நாள் முதல் 45 நாள் வரை அவை அங்கே இருந்தன. 2025 செப்டம்பரில் முடிவு வெளியாயிற்று.

என்ன கண்டார்கள்? குருத்தணுக்கள் சீக்கிரம் கிழடு தட்டி விட்டன!

நல்ல குருத்தணு பெரும் பகுதி நேரம் ஓய்வாக இருக்கும். தேவை வரும்போது மட்டும் விழித்து வேலை செய்யும். விண்வெளியில் அது ஓயாமல் விழித்துக் கொண்டிருந்தது. கையிருப்பு முழுவதையும் செலவழித்தது. புது அணுக்களைத் தரும் சக்தி குறைந்தது. கயிறு அவிழாமல் இருக்க நுனியில் முடிச்சுப் போடுவோம் அல்லவா? உயிரணுவின் பரம்பரை இழைகளுக்கும் அப்படி முனைக் காப்பு உண்டு. அந்தக் காப்பும் தேய்ந்து விட்டது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அந்த அணுக்களைத் திரும்பக் கொண்டு வந்து, இளமையான, ஆரோக்கியமான சூழ்நிலையில் வைத்தபோது, கேட்டின் ஒரு பகுதி மாறத் தொடங்கியது.

இந்தக் கேடு முழுவதும் எடை இல்லாததால் மட்டுமே வந்தது என்று சொல்லக் கூடாது. விண்வெளியில் கதிர்வீச்சும் அதிகம். இரண்டும் சேர்ந்தே அணுவைத் தாக்குகின்றன. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, பூமியிலேயே சில யந்திரங்கள் இருக்கின்றன. அவை அணுக்களை எல்லாத் திசையிலும் சுழற்றிக் கொண்டே இருக்கும். எது மேல், எது கீழ் என்று அணுவுக்குத் தெரியாமல் போகும்.

எல்லாக் குருத்தணுவும் இப்படிக் களைத்து விடுவதும் இல்லை. எலும்பு மஜ்ஜையிலேயே இன்னொரு வகைக் குருத்தணு இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் அப்பா ஜுபைர், 2017-ல் அந்த வகையை அனுப்பினார். அவை தம் குணத்தை இழக்காமல் வளர்ந்தன. வரம்பு மீறிய நோய் எதிர்ப்பை அடக்கும் திறமை கூடியிருந்தது. ஒரே வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு உடம்பு தேறியது என்பது போன்ற கதைதான் இது!

கெட்ட பிள்ளை உருண்டது

புற்று அணுவுக்கு வருவோம்.

ஆராய்ச்சிச் சாலையில் புற்று அணுவைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பார்கள். பூமியின் இழுப்பால் அது கல்லில் ஊற்றிய தோசை மாவு போலப் பரவி விடும். ஆனால் நோயாளியின் உடம்பில் அது தோசையாக இல்லை. லட்டுப் போல உருண்ட கட்டியாக இருக்கிறது. தோசையை அழிக்கும் மருந்து லட்டையும் அழிக்கும் என்று எப்படிச் சொல்வது? தட்டில் வென்ற பல மருந்துகள் நோயாளியிடம் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடை இல்லாத இடத்தில் தட்டில் படிய வேண்டிய கட்டாயம் இல்லை. புற்று அணுக்கள் தாமாகவே ஒன்று கூடி உருண்டை ஆகின்றன. 2011 நவம்பரில் சீனாவின் ஷென்சோ-8 விண்கலத்தில் ஜெர்மன் விஞ்ஞானிகள் தைராய்டு புற்று அணுக்களை அனுப்பினார்கள். அவை உருண்டு திரண்டன. வேறு சில சோதனைகளில், அவற்றின் மூர்க்கம் குறைந்ததற்கான அடையாளங்களும் தெரிந்தன.

டாக்டர் ஜேமிசன் குழுவினர் கண்டது வேறு. நோயாளிகளின் புற்றுக் கட்டியிலிருந்து வளர்த்த நுண் உருண்டைகளை 2023-லும் 2024-லும் தனியார் விண்வெளிப் பயணங்களில் அனுப்பினார்கள். பத்தே நாளில் அவை மூன்று மடங்கு பருத்தன! கட்டிகள் பருப்பதற்கு ஒரு மரபணு துணை நிற்பதையும் பார்த்தார்கள். அதன் பெயர் ஏடார்-1. அதைத் தடுக்கும் மருந்துகளை அங்கேயே வைத்துச் சோதித்தார்கள். கட்டிகள் வளரும் வேகம் அடங்கியது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. முதுமையும் புற்று நோயும் பூமியில் மெல்ல மெல்ல வருபவை. பல வருடம் ஆகும். விண்வெளியில் அதே மாதிரியான மாறுதல்கள் சில வாரத்தில் தெரிகின்றன. பத்து வருடம் காத்திருந்து பார்க்க வேண்டியதை ஒரு மாதத்தில் பார்க்க முடியும் என்றால், மருந்து தேடுபவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

நம் வீரர் செய்த சோதனை

இந்த ஆராய்ச்சியில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு.

2025 ஜூன் 25-ந் தேதி, இந்திய விமானப் படையைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா, அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து புறப்பட்டார். மறுநாள் விண்வெளி நிலையத்தை அடைந்தார். 1984-ல் ராகேஷ் சர்மா போன பிறகு, 41 ஆண்டு கழித்து விண்வெளிக்குப் போன இந்தியர் இவர். அந்த நிலையத்துக்குள் கால் வைத்த முதல் இந்தியரும் இவரே. ஜூலை 15-ந் தேதி பசிபிக் கடலில் வந்து இறங்கினார்.

இந்தியா கொடுத்தனுப்பிய சோதனைகளில் ஒன்று, தசையின் குருத்தணு பற்றியது. பெங்களூர் இன்ஸ்டெம் ஆராய்ச்சி நிலையம் அதைத் தயார் செய்தது. எடை இல்லாத இடத்தில் தசை மெலிகிறது. குருத்தணு தசையைச் சரியாகப் புதுப்பிப்பது இல்லை. சத்துப் பொருள் சேர்த்தால் அது சுறுசுறுப்பு அடையுமா என்பதே கேள்வி. இதற்குப் பதில் கிடைத்தால் விண்வெளி வீரருக்கு மட்டுமா லாபம்? நம் வீட்டில் கட்டிலோடு கிடக்கும் தாத்தாவுக்கும், தசை வற்றிப் போன பாட்டிக்கும் லாபம்.

குற்றாலத்துக்குத் தெற்கே, அதே மலைத் தொடரின் அடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்டத்தில் மகேந்திரகிரி இருக்கிறது. இந்திய மனிதரை இந்திய ராக்கெட்டில் அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான எஞ்சின்களை அங்கேதான் எரித்துச் சோதிக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த நான்கு வீரர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். 2035-க்குள் சொந்தமாக ஒரு விண்வெளி நிலையம் அமைக்க வேண்டும் என்பது இந்தியாவின் திட்டம்.

சோறு இல்லாதவருக்கு ராக்கெட்டா?

"ஏழை நாட்டுக்கு இந்தச் செலவு தேவையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலும் நியாயமாக இருக்க வேண்டும்.

2022-ம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவில் ஒரே வருடத்தில் 14 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாகப் புற்று நோய் கண்டது. நம் ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்று. பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்புப் புற்று. மற்ற நாட்டார் தங்கள் மக்களைத் தாக்கும் நோயைத் தங்கள் செலவில் ஆராய்கிறார்கள். வெற்றிலை பாக்கும் புகையிலையும் உண்டாக்கும் வாய்ப் புற்றை நமக்காக யார் ஆராய்வார்கள்? நாம்தான் ஆராய வேண்டும்.

ஆகவே நாம் கேட்டுக் கொள்வது இது: இந்தியா அனுப்பும் விண்வெளிச் சோதனைகளில், நம் நாட்டு மக்களை வாட்டும் புற்று நோய்களுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அடையாறு புற்று நோய் மருத்துவமனை போன்ற அனுபவம் மிக்க நிலையங்களை அதில் சேர்க்க வேண்டும். கண்ட முடிவுகளைச் சாதாரண மக்களுக்குப் புரியும் தமிழில் வெளியிட வேண்டும். அப்படிச் செய்தால் செலவழித்த காசு வீண் இல்லை.

நித்திய கல்யாணி சொல்லும் பாடம்

"விண்வெளியில் மருந்து கண்டு விட்டார்களா? எங்கே கிடைக்கும்?" என்று சிலர் உடனே கேட்பார்கள்.

பொறுமை வேண்டும். ஏன் என்பதை ஒரு செடி சொல்லும்.

நம் பக்கத்துத் தோட்டங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் நித்திய கல்யாணி பூக்கிறது. தென் மாவட்டங்களில் வயலிலும் பயிரிடுகிறார்கள். 1950-களில் கனடா நாட்டு விஞ்ஞானிகள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று அதன் இலையை ஆராய்ந்தார்கள். நீரிழிவு தீரவில்லை. ஆனால் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைவதைக் கண்டார்கள். "அப்படியானால் வெள்ளை அணு பெருகும் ரத்தப் புற்றுக்கு உதவுமே!" என்று யோசித்தார்கள். அந்தச் செடியிலிருந்து வந்த மருந்துகள் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின். ரத்தப் புற்று வந்த எத்தனையோ குழந்தைகள் பிழைத்து எழுந்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

உயிரணுவுக்குள் பந்தல் கால் போல நுண்ணிய குழல்கள் உண்டு. அணு இரண்டாகப் பிரிய அவை வேண்டும். நித்திய கல்யாணி மருந்து அந்தக் கால்களைச் சாய்த்து, அணு பெருகாமல் தடுக்கிறது. எடை இல்லாத இடத்தில் தடுமாறுவதும் இதே கால்கள்தான். விஞ்ஞானிகள் விண்வெளியில் தேடுவது ஏன் என்று இதிலிருந்தே விளங்கும்.

ஆனால் பச்சை இலையைப் பறித்து மென்றால் நோய் தீராது. அது விஷம். நூற்றுக்கணக்கான கிலோ இலையிலிருந்து ஒரு கிராம் மருந்தைப் பிரித்து, மிருகங்களிடம் சோதித்து, மனிதரிடம் சோதித்து, அளவு கண்ட பிறகே அது மருந்தாயிற்று. விண்வெளியில் கண்டதும் இந்தப் படிகள் எல்லாவற்றையும் ஏற வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

ஏமாற வேண்டாம்!

இந்த இடைவெளியில்தான் ஏமாற்றுக்காரர்கள் புகுந்து கொள்கிறார்கள். "ஸ்டெம் செல் ஊசி போட்டால் சர்க்கரை தீரும், மூட்டு வலி தீரும், வாதம் தீரும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட விதிகள் தெளிவாக இருக்கின்றன. ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்கு ரத்தக் குருத்தணு மாற்றுவது மட்டுமே ஒப்புக் கொண்ட சிகிச்சை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986 முதல் இது நடக்கிறது. மற்ற நோய்களுக்குச் செய்வது எல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு வரும் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்து விடுங்கள்!

மூலிகையின் பேரைச் சொல்லி, "கட்டியைக் கரைக்கிறேன்" என்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். குற்றால மலை மூலிகைக்குப் பேர் போனதுதான். ஆனால் புற்று நோய்க்காரர் டாக்டரிடம் போகாமல் கடத்தும் ஒவ்வொரு மாதமும் நோய்க்கு லாபம்.

இன்றே செய்யக் கூடியது

விண்வெளி மருந்து நாளைக்கு. இன்றைக்கு உள்ள மருந்து, சீக்கிரம் கண்டு பிடிப்பது.

மார்பில் கட்டி தென்பட்டால், வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் காட்டுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் மறைக்காதீர்கள். காரணம் இல்லாமல் உடல் மெலிந்தாலும், மலத்தில் ரத்தம் போனாலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்று நோய்ச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. பணம் இல்லை என்று பயந்து வீட்டில் இருக்க வேண்டாம். புகையிலையை இன்றே விடுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்று நோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. பல ஆண்டு பாடுபட்டு, 1954-ல் அடையாறு மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று புற்று நோய் என்றால் சாவு என்றே மக்கள் நினைத்தார்கள். இன்று சீக்கிரம் வந்தவர்களில் பலர் குணமாகி வீடு திரும்புகிறார்கள். அந்த மாறுதல் ஒரு நாளில் வந்ததா? இல்லை. ஒவ்வொரு படியாக, பலர் உழைத்ததால் வந்தது.

விண்வெளியில் மிதக்கும் அந்தச் சிறு பெட்டியும் அப்படி ஒரு படிதான். அதில் இருக்கும் உயிரணு யாரோ ஒருவர் கொடுத்தது. அது படும் பாட்டைப் பார்த்து நாளை ஒரு மருந்து பிறக்கலாம். அந்த மருந்து வரும் நாளில் அதைப் பெறுவதற்கு நம் வீட்டார் உயிரோடும் நலத்தோடும் இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய எச்சரிக்கை நம் கையில்தான் இருக்கிறது.